சரவணம்பட்டியின் பச்சை மூடிகள்

நான் கோயம்புத்தூருக்குப் போனது வேவு பார்க்க. எங்கள் ஊர் ஈப்போவில் தெரிந்தவர்களிடமெல்லாம் மருதமலைக்குப் போகிறேன், ஊட்டிக்குப் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். முப்பது வருடம் வேதியியல் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் பொய் சொன்னால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்த வசதியை நான் அதுவரை பயன்படுத்திக்கொண்டதே இல்லை.

விஷயம் இதுதான். என் அக்கா மகன் தினேஷுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பெயர் நந்தினி. அலுவலக வேலையாக எட்டு மாதம் கோலாலம்பூருக்கு வந்திருந்தவள். சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம் சரவணம்பட்டி. அப்பா துரைசாமி அங்கே டயர் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டுச் சார்பில் நான் போய்ப் பெண்ணைப் பார்த்து, பெரியவர்களோடு பேச வேண்டும். அக்காவுக்கு முழங்கால் அறுவை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "உன் வார்த்தைதான் பார்வதி. நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள்.

அக்காவின் பயத்துக்குக் காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் தினேஷுக்கு ஓர் இடத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. தேனொழுகப் பேசிய குடும்பம். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, வேண்டாம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிட்டு அடங்கிவிட்டார்கள். காரணம் இன்றுவரை தெரியாது. அதிலிருந்து இனிமையாகப் பேசுகிறவர்கள் என்றாலே அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிடும். கோயம்புத்தூர்க்காரர்கள் பேச்சில் மரியாதை கொட்டும் என்று வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். கேட்க வேண்டுமா?

எனவே எனக்கு இரண்டு கட்டளைகள். ஒன்று, சொன்ன நாளுக்கு முன்பே போய், யாரென்று காட்டிக்கொள்ளாமல் அந்தக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். "வெளிய இனிப்பு, உள்ள என்னன்னு பாரு" என்றாள். இரண்டு, பழைய நிச்சயத்தைப் பற்றி அங்கே மூச்சு விடக் கூடாது. பையனிடம் என்ன கோளாறோ என்று நினைப்பார்களாம்.

புதன்கிழமை வந்து இறங்கினேன். விமான நிலையத்துக்கு வெளியே காற்று சிலுசிலுவென்று வந்து புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. ஈப்போவில் காற்று என்றால் ஈரத்துணியை முகத்தில் போட்டது போல் இருக்கும். இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றாம். அதைச் சொன்னவர் எனக்கு அமர்த்தியிருந்த காரின் டிரைவர் செல்வராஜ். நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் கணவாயை அவரே வெட்டியது போன்ற பெருமையோடு சொன்னார். அடுத்த பெருமை சிறுவாணித் தண்ணீர். ஒரு பாட்டிலை நீட்டி, "குடிச்சுப் பாருங்கம்மா, அப்பறம் எந்த ஊர்த் தண்ணியும் எறங்காதுங்க" என்றார். குடித்தேன். உண்மையாகவே இனித்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. தண்ணீர்கூடவா இந்த ஊரில் இனிக்க வேண்டும்?

பீளமேட்டில் ஒரு வீட்டின் மாடியில் தங்கினேன். ஒரு பக்கம் பழைய மில்லின் நீண்ட சுவர், மறுபக்கம் கல்லூரிப் பிள்ளைகளின் பைக் கூட்டம். வீட்டுக்காரர்கள் என்னிடம் தமிழிலும் தங்களுக்குள் தெலுங்கிலும் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை நான் பசியாறிக்கொண்டிருந்தபோது வீட்டம்மா சமையலறையில் குரலைத் தாழ்த்திக் கணவரிடம் என்னவோ சொன்னார். என்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது. சமையலறைப் பக்கத்து வாசலில் நின்ற செல்வராஜுக்குத் தெலுங்கு தெரியும். காரில் ஏறியதும் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்: "அந்தம்மா ரெண்டு இட்லியோட நிறுத்திப்போட்டாங்க. மாவு புளிச்சிருச்சோ என்னவோ. நாளைக்குச் சந்தகை செஞ்சு பாக்கலாம்."

முதுகுக்குப் பின்னாலும் மரியாதையாகத்தான் பேசுகிறார்களா? அக்காவுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டாள். நானும் அப்போது முழுசாக நம்பவில்லை.

சரவணம்பட்டி போகும் வழியில் சிக்னலில் ஒரு பைக்கும் ஒரு ஸ்கூட்டரும் உரசிக்கொண்டன. ஸ்கூட்டர்காரர் இறங்கி, "ஏனுங்க, கண்ணு தெரியுதுங்களா இல்லீங்களா?" என்றார். பைக்காரர், "நீங்க வாரதுக்கு முன்னாடி கை காட்டோணுமுங்க" என்றார். இருவர் முகமும் சிவந்திருந்தது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பச்சை விளக்கு விழுந்தது. "போங்க, போங்க" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் இந்நேரம் ஹாரன் சத்தம் அடுத்த ஊர் தைப்பிங் வரை கேட்டிருக்கும்.

துரைசாமியின் கடை சாலையை ஒட்டியே இருந்தது. டயர் அடுக்குகள், இரண்டு கார் நிற்கும் கொட்டகை, பின்னால் வீடு. வாசலில் பெரிய எழுத்தில் 'நைட்ரஜன் நிரப்பப்படும்' என்று பலகை. எனக்குக் கை பரபரத்தது. நைட்ரஜனா? அது நம்ம சங்கதி அல்லவா?

நாம் மூச்சு விடும் காற்றில் ஐந்தில் நாலு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நைட்ரஜன்தான். அதிலிருந்து ஆக்சிஜனையும் ஈரத்தையும் வடிகட்டி, மீதியை டயரில் அடைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். ரப்பர் வழியாகக் கசிவது கொஞ்சம் குறையும், உள்ளே ஈரம் இருக்காது, சூட்டில் அழுத்தம் அவ்வளவாக ஏறாது. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் விமானத்துக்கும் பந்தயக் காருக்கும் ஆகிற விஷயம் காய்கறி வாங்கப் போகிற காருக்கு எவ்வளவு ஆகும் என்று எனக்குச் சந்தேகம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. உள்ளே அடைத்தது நைட்ரஜனா வெறும் காற்றா என்று வாங்குகிறவருக்குக் கடைசிவரை தெரியாது. வால்வின் மேல் பச்சை மூடி போட்டுவிட்டால் நைட்ரஜன், கறுப்பு மூடி என்றால் சாதாக் காற்று. மூடியை நம்பித்தான் ஆக வேண்டும். ஒருவரின் நாணயத்தைச் சோதிக்க இதைவிட நல்ல தொழில் உண்டா? அக்கா அனுப்பிய வேலைக்கென்றே அமைந்தது போல் இருந்தது.

"நாலு டயருக்கும் நைட்ரஜன் போடச் சொல்லுங்க" என்றேன் செல்வராஜிடம். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ற வண்டிக்கு எதுக்குங்கம்மா நைட்ரஜன்? காலைலதான் காத்து முப்பத்திமூணு வெச்சுட்டு வந்தேன்."

"என் செலவு" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் வண்டியைக் கொட்டகைக்குள் விட்டார்.

துரைசாமி ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஆள் இருந்தும் தானே ஜாக்கி போட்டார். உள்ளே இருந்த காற்றை முழுக்க இறக்கினார். நைட்ரஜன் குழாயை மாட்டி ஏற்றினார். மறுபடி இறக்கினார். மறுபடி ஏற்றினார். எதற்கு இரண்டு தடவை என்று தெரியாதவள் போல் கேட்டேன். "உள்ள ஒட்டிட்டிருக்கற பழைய காத்து போயிரோணுமுங்க. இல்லீன்னா பாதிக்குப் பாதி கலந்து நிக்குமுங்க" என்றார். சரியான பதில். மதிப்பெண் போடலாம்.

"உள்ள வந்து மெஷின்ல மீட்டரப் பாத்துக்குங்கம்மா. எத்தன சதம்னு காட்டுமுங்க. தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போனா நான் அடிக்கறதில்லீங்க."

போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் நான் அப்போது மீட்டரைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "வேண்டாங்க, உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்றேன். நம்பிக்கை இல்லாமல்தான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

நாலு வால்விலும் பச்சை மூடியைத் திருகிவிட்டு, ரசீதுக்குப் பேரும் போன் நம்பரும் கேட்டார். பேர் லலிதா என்றேன். நம்பர் தர இஷ்டமில்லை என்றேன். அவர் முகம் மாறவில்லை. "பரவால்லீங்க" என்று எழுதிக்கொண்டார். அடுத்து எங்கே போகிறேன் என்று விசாரித்தார். தொண்டாமுத்தூர் என்று சொல்லிவிட்டேன். "அது எங்க ஊருங்க. பஸ் நிக்கற எடத்துக்கு எதுத்தாப்புல ஒரு மெஸ் இருக்குதுங்க. அரிசிம்பருப்பு சாப்புடாம வந்துராதீங்க" என்றார்.

அது அவருடைய ஊர் என்று தினேஷ் முன்பே சொல்லியிருந்ததால்தான் போனேன். அவர் அண்ணன் குடும்பம் இன்னும் அங்கே வாழை போடுகிறது. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் உள்ளது வெளியே வரும் என்பது என் கணக்கு. போகும் வழியெல்லாம் செல்வராஜ் பச்சை மூடியைப் பற்றியே பேசினார். காலையில் எதற்கு என்று கேட்ட மனிதர், வண்டி இப்போது மிதக்கிறது, ஸ்டீயரிங் வெண்ணெயாய்த் திரும்புகிறது என்றார். ஒரு பேக்கரியில் டீ குடிக்க நிறுத்தியபோது, இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டுச் சக்கரத்தைக் காட்டினார். நான் தேங்காய் பன்னைத் தின்றுகொண்டே சிரித்தேன். இந்த ஊரில் நூறு அடிக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. அத்தனையிலும் கூட்டம்.

தொண்டாமுத்தூரில் மலை சட்டென்று பக்கத்தில் வந்து நிற்கிறது. தென்னந்தோப்பு, வெங்காயம், வாழை என்று கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. துரைசாமியின் அண்ணன் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் ஓர் அம்மா கீழே சாய்ந்துகிடந்த வாழைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நிலம் வாங்க வந்தவள் மாதிரி பேச்சுக் கொடுத்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எப்படி?

"நல்லவங்கதானுங்க."

தம்பி ஒருவர் சரவணம்பட்டியில் இருக்கிறாராமே?

"அவுங்களும் நெம்ப நல்லவங்கதானுங்க."

வரப்புத் தகராறு, தண்ணீர்த் தகராறு ஏதாவது?

"வரப்புன்னா வாரதுதானுங்க. நல்லவங்கதானுங்க."

வாழை ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்டேன். முந்தின வாரம் ஆனை வந்து ஒரு வரிசையையே சாய்த்துவிட்டதாம். ஐயோ என்றேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்: "அதுக்கும் பசிங்க, பாவம். என்ன பண்றது? அதும் நல்லதுதானுங்க, ஆளுகளை ஒண்ணும் பண்றதில்லீங்க."

தோப்பை மிதித்த ஆனைக்கே நற்சான்றிதழ் கொடுக்கிற ஊரில் மனிதர்களைப் பற்றி நான் என்ன விசாரிப்பது? தலையைச் சொறிந்துகொண்டு மெஸ்ஸுக்குப் போனேன்.

அரிசிம்பருப்பு சாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் ஒரே பானையில் குழைந்து வரும். மேலே நெய், ஓரத்தில் ஓர் அப்பளம். அவ்வளவுதான். எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக்குக்கு இருக்கிற அலங்காரம் ஒன்றும் இதற்குக் கிடையாது. நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாவது தடவை பரிமாறுகிறவர் கேட்காமலே வைத்துவிட்டுப் போனார்.

கை கழுவும்போது வெளியே செல்வராஜின் குரல் கேட்டது. "வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்று கிட்டத்தட்டக் கெஞ்சிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். துரைசாமி எங்கள் காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பழைய மொபெட். காக்கிச் சட்டை முழுக்க வியர்வை. ஊரின் வடகோடியிலிருந்து மேற்குக் கோடிக்கு, நகரத்தை முழுசாகத் தாண்டி வந்திருக்கிறார்.

என் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து கையைக் கூப்பினார்.

"லலிதாம்மாங்க, தப்புப் பண்ணிப்போட்டேனுங்க."

நடந்தது இது. அன்று காலை மின்தடை. ஜெனரேட்டரில் கம்ப்ரசரை மட்டும் ஓட்டுவதற்காக, காற்று நைட்ரஜன் மெஷினுக்குள் போகாமல் நேராகக் குழாய்க்கு வருகிற மாதிரி ஒரு வால்வைத் திறந்துவிட்டிருக்கிறார். மின்சாரம் வந்த பிறகு அதை மூட மறந்துவிட்டார். எங்களுக்கு அடுத்து வந்த வாடிக்கையாளர் மீட்டரைப் பார்க்க உள்ளே போயிருக்கிறார். மீட்டர் எழுபத்தெட்டு காட்டியிருக்கிறது. எங்கள் டயருக்குள் போனது வெறும் காற்று. என் போன் நம்பர் அவரிடம் இல்லை. தொண்டாமுத்தூர் மெஸ் ஒன்றுதான் அவர் கையில் இருந்த முகவரி. கடையை ஆளிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இங்கே நைட்ரஜனை எப்படிக் கொண்டுவந்தார் என்று பார்த்தேன். கொண்டுவரவில்லை. அவர் சட்டைப் பையில் இருந்தவை நாலு கறுப்பு மூடிகள். மூன்று சக்கரத்தில் பச்சையைக் கழற்றிக் கறுப்பைப் போட்டு முடித்திருந்தார். நாலாவதற்குத்தான் செல்வராஜ் குறுக்கே நின்றுகொண்டிருந்தார்.

எனக்குள் இருந்த டீச்சர் சும்மா இருக்கவில்லை. "சாதாக் காத்துலயே முக்கால் பங்குக்கு மேல நைட்ரஜன்தானே இருக்கு? ஓட்டுறவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாதே?" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார் துரைசாமி. "ஆனா நீங்க கேட்டது நைட்ரஜனுங்க. நானும் பச்சை மூடி போட்டு அனுப்பிப்போட்டேன். உள்ள இல்லாததை மூடி சொல்லக் கூடாதுங்கம்மா. நாளைக்கோ நாளன்னைக்கோ கடைக்கு வாங்க, முறையா அடிச்சுத் தாரேன். அதுவரைக்கும் இது கறுப்பாவே இருக்கட்டுமுங்க."

சொல்லிவிட்டுக் குனிந்து நாலாவது மூடியையும் மாற்றினார். பச்சை மூடிகளைக் கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டுக்கொண்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அரிசிம்பருப்பு நன்றாக இருந்ததா என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். மொபெட் திருப்பத்தில் மறையும் வரை அங்கேயே நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் யார் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கும் போகவில்லை. வீட்டம்மா சொன்னபடியே சந்தகை செய்து, தேங்காய்ப்பாலோடு வைத்தார். அரிசியைப் பிழிந்து நூலாக எடுக்கிற பலகாரம். வேறொரு நாளாக இருந்தால் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். அக்கா மூன்று தடவை போனில் கூப்பிட்டாள். குடும்பம் எப்படி என்றாள். நாளை சொல்கிறேன் என்றேன். எனக்கு இப்போது கவலை அந்தக் குடும்பத்தைப் பற்றி இல்லை. சனிக்கிழமை என் முகத்தைப் பார்த்ததும் அவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதுதான். சந்தேகப்பட்டு ஆள் அனுப்புகிற வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அக்காவின் பயத்தையும் என் சாமர்த்தியத்தையும் சேர்த்து, அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று இருந்தது.

செல்வராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேணும்னா வேற வண்டி சொல்லட்டுங்களா?" என்றார். வண்டியை மாற்றலாம், முகத்தை எப்படி மாற்றுவது? "அதே வண்டி. அதே கறுப்பு மூடி" என்றேன்.

சனிக்கிழமை காலை நந்தினிதான் கதவைத் திறந்தாள். போட்டோவில் பார்த்ததைவிட உயரம். "வாங்க அத்தை" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். அவள் அம்மா சரஸ்வதி தண்ணீர் கொடுத்தார். உறவினர்கள் நாலைந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். துரைசாமி வெள்ளை வேட்டி சட்டையில் உள்ளறையிலிருந்து வந்தார். என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, லலிதாம்மாங்களா? வாங்க வாங்க. இன்னைக்கு ஊட்ல ஒரு விசேஷம். சித்த நேரம் பொறுத்தீங்கன்னா அடிச்சுத் தந்தர்றேனுங்க."

டயருக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நந்தினி சிரித்துக்கொண்டே, "அப்பா, இவங்க பார்வதி அத்தை. தினேஷோட சித்தி" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வெளியே நின்ற காரைப் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிவதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேண்டியதில்லை.

"டயரப் பாக்க வந்தீங்களா, என்னயப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஆனால் முதல் தடவையாக அந்தக் குரலில் 'ங்க' குறைந்திருந்தது.

"உங்களைத்தான்" என்றேன். "பேரும் பொய். என்னை மன்னிச்சிடுங்க."

நந்தினியின் கையில் தட்டு அப்படியே நின்றது. துரைசாமி, "கேட்டிருந்தா சொல்லியிருப்பனே" என்று மட்டும் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அக்காவிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் அமைக்க ஆரம்பித்துவிட்டேன்.

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு கம்ப்ரசர் ஓடும் சத்தம். காற்று இறங்குகிற சீறல். மறுபடி ஏறுகிற சத்தம். மறுபடி இறங்கியது. பாயில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நந்தினி மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வியாழக்கிழம ராத்திரி அப்பா சரியாவே தூங்கலீங்க அத்தை. அந்தம்மா திரும்பி வருவாங்களா, வருவாங்களான்னு கேட்டுட்டே இருந்தாருங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கொஞ்சம் இங்க வாங்க" என்று அவர் குரல் கேட்டது.

போனேன். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முழங்கையில் கரி. மெஷினுக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். "அன்னைக்கு நீங்க பாக்கல. இன்னைக்குப் பாருங்க." மீட்டர் தொண்ணூற்றாறு காட்டியது. மூன்று சக்கரங்களில் பச்சை மூடி இருந்தது. நாலாவது மூடியை என் உள்ளங்கையில் வைத்தார். "இதை நீங்களே போடுங்க."

அறுபத்தோரு வயது முழங்கால்கள் முனகின. பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து திருகினேன். நான் எழுந்திருக்கத் துரைசாமியே கை கொடுத்தார்.

"எங்களப் பத்தி நீங்க விசாரிச்சாச்சு. இனி உங்க பையனப் பத்தி நான் விசாரிக்கலாமுங்களா?"

'ங்க' திரும்பி வந்துவிட்டது. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. அக்காவின் இரண்டாவது கட்டளை ஞாபகம் வந்தது. என் கையில் இன்னும் வால்வின் கறுப்புத் தூசி ஒட்டியிருந்தது. சொன்னால் இந்தச் சம்பந்தம் இந்தக் கொட்டகையிலேயே முடிந்துபோகலாம். சொல்லாமல் இந்த மனிதர் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது?

சொல்லிவிட்டேன். மூன்று வருடத்துக்கு முந்தைய நிச்சயம், பத்து நாள் முன்னால் வந்த செய்தி, காரணம் தெரியாதது, அக்கா இரண்டு மாதம் வெளியே தலை காட்டாதது, இதை உங்களிடம் மறைக்கச் சொன்னது, எல்லாவற்றையும். தினேஷுக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். இவ்வளவு சொன்ன பிறகு அதை மட்டும் எதற்கு ஒளிக்க?

துரைசாமி துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "நந்தினி, பழைய நிச்சயம் உனக்குத் தெரியுமா கண்ணு?" என்றார்.

வாசலில் நின்றிருந்த நந்தினி, "தெரியும்ப்பா. அவரே சொல்லிட்டாரு, மொத வாரமே" என்றாள்.

"சேரி" என்றார் துரைசாமி. குழாயடிக்குப் போய்க் கை கழுவினார்.

அங்கேயே நின்று அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா."

"எதை?"

"பழைய நிச்சயத்தை."

"அவர் என்ன சொன்னார்?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். இலை போட்டாகிவிட்டது. துரைசாமி செல்வராஜையும் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சந்தகை ஆறுதாம், பேசினது போதும், வந்து உக்காருங்கன்னு கூப்பிடுறார்" என்றேன். "நீ நாள் பாருக்கா."